கட்டுநாயக்கவிலிருந்து டோஹா எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான். அவருடைய தம்பி கட்டாரில் வேலை செய்கிறார். அவரைப் பார்க்க இவர் முதன்முறையாக விமானம் ஏறப்போகிறார். கட்டுநாயக்கவுக்கும் டோஹாவுக்கும் இடையிலான தூரம் இணையத்தில் ஓரிடத்தில் 3,613 என்றும், இன்னோரிடத்தில் 2,245 என்றும், வேறோரிடத்தில் 1,951 என்றும் இருக்கிறது. பறக்கும் நேரம் 4 மணி 18 நிமிடம் என்கிறது ஒரு தளம். ஏஜென்சிக்காரர் ஐந்து மணி நேரம் என்கிறார். டிக்கெட்டிலோ அதிகாலை 4.00 மணிக்குப் புறப்பட்டு 6.35க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. திரும்பும் விமானம் இரவு 8.00க்குப் புறப்பட்டு மறுநாள் அதிகாலை 3.10க்கு வருகிறது. போக இரண்டரை மணி, வர ஏழு மணியா? லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர், விமானத்தில் இருந்த திரையில் பாதை வில் போல வளைந்து தெரிந்ததாகச் சொன்னாராம். நேராகப் போகாமல் ஏன் சுற்றிப் போகிறார்கள் என்பது கூடுதல் கேள்வி. கடைசியாக, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

மேலே உள்ள எண்களில் பிழையானது எதுவும் இல்லை. தூரத்துக்கு விடை ஒன்றுதான், அளவுகோல்தான் மூன்று. நேரத்துக்கு அப்படி ஒரே விடை கிடையாது. எங்கிருந்து எதுவரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

தூரத்தை முதலில் முடித்துவிடலாம். 3,613 என்பது கிலோமீற்றர், 2,245 என்பது நாம் பழகிய தரை மைல், 1,951 என்பது கடல் மைல். விமானிகளும் கப்பலோட்டிகளும் கடல் மைலை விடாமல் வைத்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. பூமியின் வட்டத்தை 360 பாகையாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகவும் பிரித்தால், ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைலாக, அதாவது 1.852 கிலோமீற்றராக அமைகிறது. ஆகவே இரண்டு இடங்களுக்கிடையிலான கோணம் தெரிந்தால் தூரம் கையிலேயே இருக்கிறது. இந்த இணையதளங்கள் செய்வதும் அதைத்தான். கட்டுநாயக்க ஓடுபாதை வட அகலக்கோடு 7.18 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 79.88 பாகையிலும் இருக்கிறது. டோஹாவின் ஹமாத் விமான நிலையம் 25.27 பாகை வடக்கிலும் 51.61 பாகை கிழக்கிலும் இருக்கிறது. இந்த இரு புள்ளிகளையும் பூமியின் மையத்தோடு இணைத்தால் உண்டாகும் கோணம் 32.49 பாகை. 6,371 கிலோமீற்றர் சராசரி ஆரம் கொண்ட பூமியில் ஒரு பாகை 111.19 கிலோமீற்றர் ஆகும். பெருக்கினால் 3,613 வருகிறது. பூமி முழு உருண்டை அன்று, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் கணக்கில் எடுக்கும் தளங்களில் இந்த எண் சில கிலோமீற்றர் கூடியோ குறைந்தோ இருக்கும். விமான நிலையத்தை விட்டுவிட்டுக் கொழும்பு நகரத்திலிருந்து அளக்கும் தளங்களும் உண்டு. அவற்றில் வேறுபாடு இன்னும் சற்றுக் கூடுதலாகத் தெரியும். பயணிக்கு இவற்றால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வளைந்த பாதைக்கு வருவோம். நாம் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்துப் பழகிய தட்டையான உலகப்படம், உருண்டையான ஒன்றை இழுத்து விரித்துச் செய்தது. வடக்கே போகப் போக அதில் எல்லாமே அகன்றுவிடும். அந்தப் படத்தில் கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோ வரை அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தால், கோட்டின் நடுப்புள்ளி சவூதி, ஈராக், ஜோர்தான் ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் பாலைவனத்தில் விழும். அந்தக் கோட்டின் வழியே உண்மையில் பறந்தால் 8,940 கிலோமீற்றர் போக வேண்டும். அதே இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஒரு பூகோள உருண்டையின் மீது நூலை இழுத்துப் பிடித்தால், நூல் கோவாவின் கரையோரமாக ஏறி, அரபிக்கடலின் வடகிழக்கு மூலையைத் தாண்டி, சரிபாதித் தூரத்தில் தெஹ்ரானுக்கு மேலாகச் சென்று, கருங்கடலின் வடபகுதியையும் உக்ரேனின் தென்முனையையும் தொட்டுக்கொண்டு இங்கிலாந்தை அடையும். அதன் நீளம் ஏறத்தாழ 8,715 கிலோமீற்றர். படத்தில் வளைந்து தெரிவதுதான் உருண்டையின் மீது நேர். உறவினர் திரையில் கண்டது சுற்றுவழி அன்று, குறுக்குவழி.

ஆனால் அந்தக் குறுக்குவழியிலும் விமானம் அப்படியே போய்விட முடியாது என்பதற்கு இந்த லண்டன் பாதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உக்ரேன் வான்பரப்பு 2022 பெப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. பாகிஸ்தான் 2019 பெப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை தன் வானின் பெரும்பகுதியை மூடி வைத்திருந்தது. ஈரான் வான்பரப்பு 2025 ஜூன் 13 அன்று மூடப்பட்டது. அதே மாதம் 23ஆம் திகதி இரவு கட்டாரும் சில மணி நேரம் தன் வானை மூடியது. இத்தகைய நாட்களில் விமானம் தெற்கே ஒதுங்கி வேறு நாடுகளின் மேலாகச் செல்கிறது, தூரமும் எரிபொருளும் கூடுகின்றன. லண்டனுக்குச் சமாதானமான நாளில் பத்தரை மணியில் முடிய வேண்டிய பயணம் 11 மணி நேரத்தையோ அதற்கு மேலோ எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இணையதளம் காட்டும் தூரத்துக்கு எந்த நாட்டின் எல்லையும் தெரியாது.

டோஹா பாதை இந்த வகையில் எளிதானது. உருண்டையின் மீது இழுத்த நூல் தென்னிந்தியாவைக் குறுக்கே வெட்டி, கொச்சிக்கு மேலாக அரபிக்கடலில் இறங்கி, ஓமானில் கரையேறி, அமீரகத்தைக் கடந்து டோஹாவை அடைகிறது. 2017 ஜூன் முதல் 2021 ஜனவரி வரை அயல்நாடுகள் கட்டாரைத் தடை செய்திருந்த காலத்தில் கட்டார் விமானங்கள் அமீரக, சவூதி வான்பரப்புகளுக்குள் நுழைய முடியாமல் ஈரான் பக்கமாகப் போய்வந்தன. அந்தத் தடை இப்போது இல்லை.

இனி நேரம். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படி எழுதப்பட்டது. 4.00 என்பது இலங்கை நேரம், 6.35 என்பது கட்டார் நேரம். இலங்கை உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணியும் கட்டார் மூன்று மணியும் முன்னே இருப்பதால், இரண்டுக்கும் வேறுபாடு இரண்டரை மணி. நீங்கள் டோஹாவில் 6.35க்கு இறங்கும்போது களுவாஞ்சிக்குடியில் 9.05; ஆகவே போகும் பயணம் 5 மணி 5 நிமிடம். திரும்பும்போது இரவு 8.00 என்பது கட்டார் நேரம், அப்போது நம் வீட்டில் இரவு 10.30, அதிகாலை 3.10க்கு வந்து சேர்ந்தால் 4 மணி 40 நிமிடம். மேற்கே போகும்போது இரண்டரையைக் கூட்டுங்கள், கிழக்கே வரும்போது கழியுங்கள். டோஹாவுக்கு இவ்வளவுதான் கணக்கு. கட்டாரில் கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது என்பதால் இது ஆண்டு முழுவதும் பொருந்தும். லண்டனுக்கு அப்படி அன்று: மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை வேறுபாடு நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை. நம் நாட்டிலும் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினார்கள். வீட்டில் யாரிடமாவது அந்தக் காலத்து டிக்கெட் கிடந்து, அதை வைத்து யாரேனும் உங்களுக்குக் கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கடிகாரத்தைச் சரிசெய்த பிறகும் இரண்டு வினாக்கள் மிஞ்சுகின்றன. இணையதளம் சொல்லும் 4 மணி 18 நிமிடம் எப்படி டிக்கெட்டில் ஐந்து மணியாயிற்று? போவதற்கும் வருவதற்கும் ஏன் 25 நிமிட வேறுபாடு?

இணையதளம் தூரத்தை எடுத்து, ஜெட் விமானம் உயரத்தில் பறக்கும் மணிக்கு 840 கிலோமீற்றர் என்ற வேகத்தால் வகுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. விமான நிறுவனம் அப்படி எண்ணுவதில்லை. நிற்கும் விமானம் உருண்டுவிடாதபடி சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். பயணிகள் ஏறிக் கதவு மூடியபின் ஒரு பணியாளர் குனிந்து அந்தக் கட்டைகளை இழுத்தெடுக்க, விமானம் தன் இடத்தை விட்டு அசைகிறதே, அந்தக் கணம்தான் டிக்கெட்டில் உள்ள 4.00. டோஹாவில் விமானம் உரிய இடத்தில் வந்து நின்று மறுபடி கட்டை வைக்கும் கணம்தான் 6.35. நடுவில், பின்னுக்குத் தள்ளுவது, ஓடுபாதையின் முனைவரை ஊர்வது, முன்னே நிற்கும் விமானம் எழும்வரை காத்திருப்பது, இறங்கியபின் முனையம்வரை ஊர்வது ஆகிய எல்லாம் அடங்குகின்றன. ஹமாத் விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று மட்டுமே 4,850 மீற்றர் நீளம்; அங்கே இறங்கிய பின்னும் உருண்டுகொண்டே இருப்பதைப் பார்த்து, தரைவழியாகவே ஊருக்குப் போகிறோமோ என்று தோன்றினால் வியப்பில்லை. கட்டுநாயக்கவின் ஓடுபாதை தென்மேற்கும் வடகிழக்குமாகக் கிடக்கிறது. காற்றுக்கு எதிர்முகமாகவே விமானம் எழ வேண்டும் என்பதால், சில நாட்களில் கடலை நோக்கி எழுந்து வடமேற்கே எளிதாகத் திரும்பும், சில நாட்களில் நாட்டின் உட்பக்கமாக எழுந்து வளைந்து வரும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்குவது நியாயமானது. அதற்கு மேலும் நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கையிருப்பாகச் சேர்த்துவைக்கின்றன. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் அது நேரத்துக்கு வந்ததாகவே உலகெங்கும் கணக்கில் எழுதப்படுகிறது. முன்கூட்டியே இறங்கிவிட்டோம் என்று விமானி மகிழ்ச்சியாக அறிவிப்பதில் ஒரு பகுதி இந்தக் கையிருப்பின் புண்ணியம்.

குறுகிய பயணங்களில் இந்த அரை மணி நேரம் பயணத்தையே விழுங்கிவிடும். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னை 356 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்கவிலிருந்து சென்னை 647 கிலோமீற்றர். ஆயினும் இரண்டு பயணங்களுக்கும் டிக்கெட்டில் பெரிய வேறுபாடு தெரியாது. பலாலிக்கு வருவது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும் விசிறி இயந்திர விமானம். கட்டுநாயக்கவிலிருந்து போவது ஜெட். ஆனால் அந்த ஜெட் 11 கிலோமீற்றர் உயரத்திலிருந்து மெல்லச் சரிந்து இறங்குவதற்கு மட்டும் சுமார் 200 கிலோமீற்றர் வேண்டும், ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். ஆகவே முழு வேகத்தில் பறக்க அதற்குக் கிடைப்பது நடுவில் உள்ள இருநூற்றைம்பது கிலோமீற்றர்தான்.

போவதற்கும் வருவதற்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையில் ஓடம் ஏறி மண்டூருக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் நாளில் மேற்கே மண்டூர்க் கரையை அடைய எடுக்கும் நேரமும், திரும்பி வர எடுக்கும் நேரமும் ஒன்றல்ல, வாவியின் அகலம் மாறாவிட்டாலும். விமானமும் தன்னைச் சூழ்ந்த காற்றினூடாகத்தான் 840 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அந்தக் காற்றே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் எதிரே வந்தால், தரையை அளந்தால் வேகம் 780 ஆகிவிடும், பின்னிருந்து தள்ளினால் 900 ஆகும். அப்படிப் பார்த்தால் டோஹாவுக்கு உயரத்தில் போக 4 மணி 38 நிமிடமும் வர 4 மணி 1 நிமிடமும் ஆகின்றன. (இழந்ததைத் திரும்பும்போது முழுவதும் பெற்றுவிடலாம் என்று நினைக்க வேண்டாம், காற்றே இல்லாத நாளைவிட இரு வழிக்கும் சேர்த்து மூன்று நிமிடம் கூடுதலாகவே முடியும், ஏனென்றால் எதிர்க்காற்றில் அதிக நேரம் நிற்கிறோம்.)

மார்கழி, தை, மாசி மாதங்களில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே, விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே மிக வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. அதன் நடுப்பகுதியில் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். டோஹா, லண்டன் விமானங்கள் போகும்போது இதை எதிர்த்து நிற்கின்றன, வரும்போது இதன்மேல் ஏறி வருகின்றன. இங்கே நம் பகுதிக்கு உரிய ஒரு விசித்திரம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உதட்டை வெடிக்கச் செய்யும் கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிறது. அதை வைத்து அக்காலத்தில்தான் விமானத்துக்கும் எதிர்க்காற்று மிகுதி என்று எண்ணத் தோன்றும். நடப்பது நேர்மாறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலே, 12 கிலோமீற்றர் உயரத்திலும் அதற்கு மேலும், கிழக்கிலிருந்து மேற்கே பலத்த காற்று வீசுகிறது. கீழே கச்சான் தென்னோலையை மேற்கிலிருந்து கிழக்கே சாய்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மேலே இந்தக் காற்று டோஹா விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது. எனவே ஆடி, ஆவணி மாதங்களில் போக்குக்கும் வரவுக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும், சில நாட்களில் இல்லாமலே போகலாம்.

ஆகவே எந்த இரு விமான நிலையங்களுக்கும் நீங்களே மதிப்பிட ஒரு வழி: தூரத்தை ஜெட்டாயின் 830ஆல் வகுத்து அரை மணியைக் கூட்டுங்கள். டோஹாவுக்கு 4 மணி 51 நிமிடம் வரும். 3,290 கிலோமீற்றர் உள்ள டுபாய்க்கு நாலரை மணி நேரம் வரும். குளிர்காலத்தில் மேற்கே போவதானால் இன்னும் கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் விமானத்தின் நேரம். உங்களுடைய நேரம் வேறு. களுவாஞ்சிக்குடியிலிருந்து கட்டுநாயக்க, காகம் பறக்கும் நேர்வழியில் 210 கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான். வீதியில் அது 300க்கு மேல் போய்விடும்: மட்டக்களப்பு, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஒன்று, அல்லது அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை, கண்டி வழியாக மற்றது. இரண்டாவது வழி படத்தில் கவர்ச்சியாகத் தெரியும். மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவும், கண்டி நகர நெரிசலும் அந்தக் கவர்ச்சியைத் தீர்த்துவிடும். பயணப்பெட்டிகளோடு வான் பிடித்துப் போகிறவர்களுக்கு முதல் வழியே நல்லது என்பது என் கருத்து. மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையிலான அதிவேக வீதி 2022 ஜனவரியில் திறந்தபின் அது இன்னும் நல்லது. வெலிகந்தவிலிருந்து ஹபரண வரை இரவில் யானை வீதிக்கு வரும் என்பதால் அந்தத் துண்டை இயன்றவரை இருட்டு முற்றுமுன் கடந்துவிடுங்கள். ரயிலுக்கும் இந்த ஆபத்து உண்டு: 2025 பெப்ரவரியில் ஹபரண அருகே மட்டக்களப்பு ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது.

மட்டக்களப்பிலேயே விமான நிலையம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2016இல் பொதுமக்கள் சேவைக்குத் திறந்து, 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார்கள். அங்கிருந்து கட்டுநாயக்க 206 கிலோமீற்றர், ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் முக்கால் மணி நேரப் பயணம். ஆனால் அத்தகைய விமானங்களில் இருக்கைகளும் சில, பொதிக்கு அனுமதியும் குறைவு. தம்பிக்குக் கொண்டுபோகும் கருவாடும் பலகாரமும் அதில் ஏறாது. டோஹா செல்லும் பெரிய ஜெட்டுக்கோ அந்த ஓடுபாதையின் நீளம் போதாது. கணக்குக்காக மட்டும் சொல்கிறேன்: மட்டக்களப்பு ஓடுபாதையிலிருந்து டோஹா 3,738 கிலோமீற்றர், கட்டுநாயக்கவைவிட 125 கிலோமீற்றர் கூடுதல். ஜெட்டுக்கு அது ஒன்பது நிமிடம்.

விமானம் அதிகாலை 4.00 மணிக்கு என்றால் 1.00 மணிக்கு விமான நிலையத்தில் இருங்கள். வழியில் சாப்பாடு, தேநீர், எதிர்பாராத தடை எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம் வைத்தால், முந்தின நாள் மாலை 4.00 மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். இருட்டுமுன் வெலிகந்தவையாவது அடைந்துவிடலாம்; ஹபரண வரையும் வெளிச்சத்திலேயே கடக்க விரும்பினால் இன்னும் முன்னதாகப் புறப்படுங்கள். டோஹாவில் குடிவரவு முடித்துப் பெட்டியை எடுத்து வெளியே வர அங்கத்தைய 7.45 ஆகும், இங்கே அப்போது 10.15. வீட்டு வாசலிலிருந்து தம்பியின் கைவரை பதினெட்டேகால் மணி நேரம். அதில் இணையதளம் சொன்ன 4 மணி 18 நிமிடம் கால்பங்குகூட இல்லை.

திரும்பி வருவதில் ஒன்றைக் கவனியுங்கள். டிக்கெட்டில் 3.10 என்பதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் +1 என்று இருக்கும். புறப்பட்ட திகதிக்கு அடுத்த திகதி என்பது அதன் பொருள். வான்காரரிடம் திகதியைச் சொல்லும்போது பலர் புறப்படும் நாளையே சொல்லிவிட, அவர் ஒரு நாள் முன்னதாகக் கட்டுநாயக்கவில் வந்து நின்று வாடகை கேட்பார். வெள்ளி இரவு டோஹாவில் ஏறுவதானால் சனி அதிகாலை 3.10 என்று கிழமையோடு எழுதிக்கொடுங்கள். நாலரைக்குள் வெளியே வந்துவிடலாம்; விடியும்போது குருநாகல் தாண்டியிருப்பீர்கள், யானைப் பயமில்லாத பகல் வெளிச்சத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வீடு சேரலாம்.